இருபது பழுதுகள்

இந்த அறை ஏசி கடகடவென்று சத்தம் போடுகிறதே, விசிறியில் ஒரு திருகு தளர்ந்திருக்கும். ஸ்க்ரூடிரைவர் கொடுத்தால் இரண்டு நிமிட வேலை. வேண்டாமா? சரி மேடம், சொல்கிறேன்.

இருபத்திரண்டு வருடமாக ஓட்டலின் சில்லர் மெஷினைப் பார்த்துக்கொண்டேன். தண்ணீரைக் குளிரவைத்து எல்லா மாடிக்கும் அனுப்பும் இயந்திரம். அது அடித்தள அறையில் ஒரு குழிக்குள், அதன் கன்ட்ரோலர் திரை மேலே, என் மேசையில். மணிக்கொரு முறை அளவுகளைப் பார்த்துத் தாளில் எழுத வேண்டும். நான் காலையிலேயே நாள் முழுதுக்கும் எழுதிவிடுவேன். பழகிய கைக்கு எண்கள் தானாக வரும்.

போன வருடம் என் தங்கையின் கணவர் எனக்கே சூப்பர்வைசராக வந்தார். கன்ட்ரோலரில் பதிந்திருந்ததையும் என் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சில்லர் நின்றுபோன நேரத்திலும் என் தாளில் அது ஓடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை போட்டுக்கொடுக்கவில்லை. "நான் பாத்துக்கறேன் மச்சான், விடுங்க" என்றார். போட்டுக்கொடுத்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சாப்பிடும்போது சொன்னார்: "நம்ம மச்சான் ஓட்டினா, மெஷின் நின்னாலும் ஓடும்." என் தங்கை எனக்குச் சோறு போட்டுக்கொண்டே சிரித்தாள்.

அதற்குப் பிறகு திரையை ஒழுங்காகப் படித்தேன். சில்லருக்குள் எவ்வளவு குளிரூட்டும் வாயு இருக்கிறது என்று அளக்க அதில் கருவி கிடையாது. அழுத்தத்தை வைத்து வாயு எந்தச் சூட்டில் கொதிக்கிறது என்று கணக்குப் போட்டு, வெளியே போகும் தண்ணீரின் சூட்டிலிருந்து கழித்து, ஒரு எண்ணைக் காட்டும். வழக்கமாக இரண்டு. திங்களன்று மூன்று, செவ்வாய் ஐந்து, புதன் எட்டு. வாயு கசிகிறது என்று அர்த்தம். கண்ணுக்குத் தெரியாது. தரையோடு தேங்கி, மூச்சுக்கான காற்றைத் தள்ளிவிடும். நான் தாளில் இரண்டு, இரண்டு, இரண்டு என்று எழுதினேன். சில்லர் அறையின் காற்றை வெளியேற்றும் விசிறியையும் நிறுத்தினேன். அது ரொம்பச் சத்தம்.

வியாழன் மதியம் 'வாயு அழுத்தம் குறைவு' என்று பழுது பதிந்து, சில்லரின் இரண்டு கம்ப்ரஸர்களில் ஒன்று நின்றது. மற்றொன்று ஓடியது. மாப்பிள்ளை வந்து என்னவென்று கேட்டார். திரைக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தபடி, "தண்ணி ஓட்டம் பாக்கற சுவிட்ச் மக்கர் பண்ணுது, குழிக்குள்ள இறங்கிப் பாத்துடுங்க" என்றேன்.

சில்லர் அறைக் கதவின் உள்பக்கக் கைப்பிடி உடைந்து இரண்டு மாதம். சாத்திக்கொள்ளாமல் இருக்கச் செங்கல் வைத்திருப்போம். அவர் உள்ளே போனதும் செங்கலை எடுத்துக்கொண்டு மேலே வந்துவிட்டேன். உங்கள் போலீஸ்காரர்கள் என் மேசைக்கடியில் பார்த்தது அதைத்தான்.

கன்ட்ரோலருக்கு இருபது பழுதுகள்தான் ஞாபகம் இருக்கும். புதிது ஒன்று வந்தால் பழசு ஒன்று போய்விடும். வாயுப் பழுது போக எனக்குப் புதிதாக இருபது வேண்டும். பம்பை நிறுத்தினால் 'தண்ணீர் ஓட்டமில்லை' என்று ஒன்று பதியும். மறுபடி கிளம்ப மூன்று நிமிடம் எடுத்துக்கொள்ளும், அவசரப்படுத்த முடியாது. ஒரு மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்து செய்தேன்.

மாப்பிள்ளை இன்டர்காமில் கூப்பிட்டார். முதலில், கதவு சாத்திக்கொண்டது என்று சிரித்தார். நாலாவது பழுதில் தலை சுற்றுகிறது என்றார். ஏழாவதில் குரல் குழறியது.

"மச்சான், என் பையில புதுக் கைப்பிடி இருக்கு. எடுத்துட்டு வாங்க, மாட்டிடலாம். பாவம், நீங்கதான தெனமும் உள்ள வர்றீங்க."

பை பக்கத்து நாற்காலியில் இருந்தது. திறந்து பார்த்தேன். நல்ல பித்தளை.

உங்கள் எஞ்சினியரம்மா கெட்டிக்காரி. எந்த சுவிட்சும் மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை இவ்வளவு ஒழுங்காகக் கெட்டுப்போகாது என்றாராம். இருபத்திரண்டு வருடத்தில் நான் நேரம் தவறாமல் பதிந்தது அந்த ஒரு மணி நேரம்தான்.

தங்கை வெளியே உட்கார்ந்திருக்கிறாள் என்றீர்கள். அவளிடம் சொல்லுங்கள், மாப்பிள்ளை மேல் நான் கை வைக்கவே இல்லை. மெஷினை இருபது தடவை நிறுத்தினேன், அவ்வளவுதான். ஏழாவதுக்குப் பிறகு அவர் ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. நிஜமாகவே ஆபத்தென்றால் கூப்பிட்டிருக்க மாட்டாரா?