பெற்ற அப்பாவை நீக்கிய ஒற்றை வரி

எனக்கு முன்னால் பேசியவர்களுக்கெல்லாம் வாரி வாரி நேரம் வழங்கிவிட்டு, என் முறை வந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்திருக்கும் விழாத் தலைவர் அவர்களே! விசைப்பலகையே வாழ்வென்று வாழ்ந்து, விரலும் தேய்ந்து விழியும் தேய்ந்து வீற்றிருக்கும் நிரலாளர் சங்கத்து மூத்தவர்களே! பிள்ளை கம்ப்யூட்டரில் என்ன செய்கிறான் என்று யார் கேட்டாலும் "ஏதோ பெருசா செய்யறான்" என்று பெருமையாகச் சொல்லிச் சமாளிக்கும் தாய்மார்களே! மேடையில் அமர்ந்திருக்கும் டயாலிசிஸ் பிரிவின் தலைமைச் செவிலியர் அக்கா அவர்களே! எல்லாருக்கும் மேலாக, முன் வரிசையில் தலையைக் குனிந்தபடி தரையில் எதையோ தேடுவது போல் நடிக்கும் என் அன்புக் கணவர் அவர்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

என்ன? பின்னால் கேட்கவில்லையா? அது யார் குரல் என்று எனக்குத் தெரியும். என் மாமனார். அவரைப் பற்றித்தான் பேசப்போகிறேன், காதைத் தீட்டி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பைத்தான் மொழியில் நிரல் எழுதுபவர்கள், தகவல்களைச் சேமித்து வைக்கும் டேட்டாபேஸோடு நேரடியாகப் பேசுவதில்லை. நடுவில் லைப்ரரி என்ற ஆயத்த நிரல் தொகுப்பு ஒன்றை வைத்துக்கொள்கிறார்கள். ஓ.ஆர்.எம். என்று அதற்குப் பெயர். நாம் நம் மொழியில் சொல்வோம், அது டேட்டாபேஸின் மொழியில் மாற்றிச் சொல்லும். தாய்மார்களுக்குப் புரியும்படி சொன்னால், பேசிக்கொள்ளாத சம்பந்திகள் இருவருக்கு நடுவில் நின்று "அவங்க இப்படிச் சொன்னாங்க, இவங்க அப்படிச் சொன்னாங்க" என்று சேதி கடத்தும் சொந்தக்காரர் ஒருவர் இருப்பாரே, அவரைப் போல. எவ்வளவு வசதி! எவ்வளவு சொகுசு! ஆனால் நாம் ஒன்று சொல்ல, அவர் அங்கே போய் என்ன சொன்னார் என்று என்றைக்காவது யாராவது எட்டிப் பார்த்திருக்கிறோமா?

பார்க்கவில்லை. பார்க்காததன் பலனைப் பாருங்கள்.

என் கணவர்தான் ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் பிரிவுக்கு முன்பதிவு நிரல் எழுதியவர். மெஷின்கள் ஒரு பட்டியல். அந்த மெஷினில் யார், எப்போது என்ற முன்பதிவுகள் அதன் கீழே. ஒவ்வொரு முன்பதிவின் கீழேயும் அந்த நோயாளிக்கு என்ன மருந்து, எவ்வளவு, எது ஆகாது என்ற சிகிச்சைக் குறிப்பு. மெஷின் தாய், முன்பதிவு பிள்ளை, குறிப்பு பேரப்பிள்ளை. அழகான குடும்பம்! எழுதி முடித்து, ஒரு மெஷினை நீக்கிப் பார்த்தார். டேட்டாபேஸ் மறுத்தது. "இந்த மெஷினை நம்பி முன்பதிவுகள் இருக்கின்றன, நீக்க முடியாது" என்று சிவப்பு எழுத்தில் கத்தியது.

நியாயமான கத்தல்தானே? குழந்தைகள் வீட்டுக்குள் இருக்கும்போது கூரையைப் பிரிக்காதே என்று சொல்வது குற்றமா? என் கணவர் என்ன செய்தார் தெரியுமா? இணையத்தில் எவரோ எதற்கோ எழுதிய ஒற்றை வரியை எடுத்துவந்து ஒட்டினார். கத்தல் நின்றது. காபி குடிக்கப் போய்விட்டார்.

அந்த வரி என்ன? சபையோர் மன்னிக்க வேண்டும், தாய்மார்கள் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். கேஸ்கேட், ஆல், டிலீட் ஆர்ஃபன்! தாயை நீக்கினால் பிள்ளையையும் நீக்கு. பிள்ளையை நீக்கினால் பேரனையும் நீக்கு. அநாதை என்று ஒருவர்கூட உயிரோடு இருக்கக் கூடாது! எந்தக் கொடுங்கோலன் போட்ட சட்டம் இது? எந்தக் கல்நெஞ்சன் காய்ச்சிய கஷாயம் இது? கேட்டால், "லைப்ரரியில் இருக்கும் வசதிதான்" என்கிறார். வசதிதான். பில் ஒன்றை நீக்கினால் அதிலுள்ள பொருள்களின் பட்டியலும் போகட்டும், சரி. மெஷின் பழுதானால் மனிதர்களும் போக வேண்டுமா?

சோதனை செய்தாரா என்று ஒரு தம்பி கேட்கிறார். செய்தார் தம்பி, செய்தார்! புதிதாக ஒரு மெஷினை உருவாக்கி, ஒருவருக்கும் ஒதுக்காமல், உடனே நீக்கிப் பார்த்தார். பச்சை டிக் வந்தது. ஆளே இல்லாத வீட்டுக்குத் தீ வைத்துவிட்டு யாருக்கும் காயமில்லை என்று எழுதிக் கொடுப்பதைப் போன்ற சோதனை அது. சிரிக்காதீர்கள், உங்களில் பாதிப் பேர் அப்படித்தான் சோதிக்கிறீர்கள்.

இப்போது என் மாமனாரிடம் வருவோம். நீதிமன்ற வாசலில் நின்று வழக்குக்கு வந்தவர்களின் பெயரைக் கூப்பிடுவது அவர் பார்த்த வேலை. ஒரு பெயரை மூன்று முறை கூப்பிட வேண்டும். மூன்றாவது முறைக்கும் குரல் வராவிட்டால் அவர் வரவில்லை என்று பொருள். அந்தக் குரலுக்கு மரத்துக் காக்கைகள் கலையும் என்பார்கள். ஓய்வுபெற்ற பிறகு குரலுக்கு மட்டும் ஓய்வு தரவில்லை. எங்கள் வீட்டில் அவர் உப்பு கேட்டால் பக்கத்து வீட்டிலிருந்து உப்பு வரும்.

அவருக்குச் சிறுநீரகம் பழுது. ஒரு நாள் காலை அவரை டயாலிசிஸுக்கு அழைத்துப் போனேன். கால் இரண்டும் வீங்கியிருந்தன. நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் மூச்சு வாங்கியது. அன்று தவறவிடக் கூடாது என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். எங்கள் கெட்ட காலம், அவருக்கு ஒதுக்கிய மெஷின் அன்று காலையில்தான் பழுதாகி, நம் அக்கா முறைப்படி திரையில் 'நீக்கு' என்ற பொத்தானை அழுத்தியிருந்தார். பச்சை டிக் வந்தது. அக்கா மேல் ஒரு துளித் தவறும் இல்லை, கைதட்டுங்கள்.

வரவேற்பு மேசையில் இருந்த சின்னப் பெண் திரையைப் பார்த்தது, இவரைப் பார்த்தது.

"சார், உங்க பேரே இல்லையே."

"நல்லா பாரும்மா."

"எல்லாம் பார்த்துட்டேன் சார். நீங்க இன்னைக்கு மட்டும் இல்லாம இல்ல, எப்பவுமே இல்ல. பழைய குறிப்பு எதுவுமே இல்ல."

"அப்ப நான் யாரு? என் ஆவியா வந்து நிக்குது?"

பெருமக்களே, பிறகு எழுந்தது பாருங்கள் ஒரு முழக்கம்! மூச்சு வாங்க வாங்க முழங்கினார். "நான் இருக்கேன்! இங்கதான் இருக்கேன்!" காவலர் ஓடிவந்து, "பெரியவரே, கத்தாதீங்க, இது ஆஸ்பத்திரி" என்றார். எனக்கும் வெட்கமாக இருந்தது, "மாமா, கொஞ்சம் சும்மா இருங்க" என்று கையைப் பிடித்தேன். அவர் சும்மா இருக்கவில்லை. அந்தச் சத்தம் கேட்டுத்தான் சுவரோரம் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா எழுந்துவந்து, "என் பேரும் இருக்கான்னு பாரும்மா" என்றார். இல்லை. அவருக்குப் பின்னால் இன்னொருவர். அவரும் இல்லை. அதே மெஷினில் பதிவானவர்கள் எல்லாரும் அமைதியாக, மரியாதையாக, கூப்பிடுவார்கள் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தார்கள்.

வேறு மெஷினில் உட்கார வைக்க வேண்டியதுதானே என்று நினைப்பீர்கள். இடம் இருந்தது, அக்காவும் தயாராக இருந்தார். ஆனால் ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மருந்து மாமாவுக்கு ஒருமுறை ஆகாமல் போய், டாக்டர் மாற்றி எழுதியிருந்தார். எதை மாற்றினார், எவ்வளவு என்று மாற்றினார்? அது அந்தப் பேரப்பிள்ளைக் குறிப்பில் இருந்தது. டாக்டரோ ஆபரேஷன் அறைக்குள். "எதையாவது போடும்மா, தாங்குவேன்" என்றார் மாமா. அக்கா மறுத்துவிட்டார். மாமாவின் உதடு வெளுத்துக்கொண்டே வந்தது.

கணவருக்கு ஃபோன் போட்டேன். சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, லேப்டாப்பை அணைத்துக்கொண்டு ஓடிவந்தார். வந்ததும் சொன்ன முதல் வாக்கியம் என்ன? நிரலாளர் குலத்தின் தேசிய கீதம்!

"என் கோடுல பிரச்சனை இருக்க வாய்ப்பே இல்ல."

"ஏங்க, உங்க அப்பாவே உங்க கோடுல இல்ல."

"நான் முன்பதிவ நீக்கச் சொல்லி ஒரு வரி கூட எழுதல, சத்தியமா!"

நான் தொழிலால் நிரல்களில் பிழை தேடுபவள். சத்தியத்தை நம்பக் கூடாது என்பது எங்கள் தொழில் தர்மம். தினமும் பிரிவு திறக்கும் முன் தானாக எடுத்துவைக்கும் காப்பிலிருந்து, மெஷினை நீக்குவதற்கு முந்தைய டேட்டாபேஸுக்கு ஒரு நகல் எடுக்கச் சொன்னேன். எக்கோ என்று ஒரு விசை உண்டு, அதைத் திறந்துவிட்டால் அந்தச் சேதி கடத்தும் சொந்தக்காரர் அங்கே போய் என்னென்ன சொல்கிறார் என்பதெல்லாம் திரையில் வந்து விழும். நகலில் அதே மெஷினை நீக்கிப் பார்த்தோம். விழுந்தது! முதலில் பேரப்பிள்ளைகளை நீக்கு. அடுத்து பிள்ளைகளை நீக்கு. கடைசியில் தாயை நீக்கு. கொலையிலும் என்ன ஒழுங்கு! குறிப்புகளின் நடுவே ஒரு நோயாளியின் எண் வந்தது. அது யாருடைய எண் என்று என் கணவருக்குத் தெரிந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ரோல்பேக் பண்ணலாமா?" என்று கேட்டேன், செய்ததைத் திரும்பப் பெற முடியுமா என்று. கமிட், அதாவது மாற்றம் உறுதியாகப் பதிவாகிவிட்டதாம். கமிட் ஆன பிறகு ரோல்பேக் ஏது? மணமேடையிலிருந்து இறங்கிய பிறகு யோசிப்பது போலத்தான், இல்லையா தாய்மார்களே? நல்லவேளை, தினமும் காலையில் அந்தக் காப்பை எடுக்கும் ஏற்பாடு இருந்தது. அதையும் இவர்தான் எழுதியிருந்தார், நியாயத்தைச் சொல்ல வேண்டும். அதிலிருந்து முன்பதிவுகளை எடுத்துத் திரும்பப் போடப்போனார். டேட்டாபேஸ் மறுபடி கத்தியது: "இந்தப் பிள்ளைகளுக்குத் தாய் எங்கே? அப்படி ஒரு மெஷினே இல்லையே!"

என் கணவரின் விரல்கள் பறந்தன. "தாய் இல்லாம பிள்ளையச் சேர்க்கக் கூடாதுங்கற இந்தக் கட்டுப்பாட்டத் தூக்கிடறேன், அப்ப கத்தாது" என்றார்.

"கைய எடுங்க!" என்றேன். மாமாவின் குரல் என் தொண்டையில் எப்படி வந்து உட்கார்ந்தது என்று எனக்கே தெரியவில்லை. காவலர் மறுபடி எட்டிப் பார்த்தார். "ஏற்கனவே ஒருதரம் அதோட வாயப் பொத்தினதுலதான் உங்கப்பா இங்க உட்கார்ந்திருக்காரு. அது என்ன சொல்லுதுன்னு கேளுங்க."

கேட்டார். திருமணமான நாளிலிருந்து முதல் தடவை ஓர் எச்சரிக்கையை முழுதாகப் படித்தார். முதலில் மெஷினைத் திரும்பச் சேர்த்தார். ஆனால் 'பழுது' என்று அடையாளமிட்டுச் சேர்த்தார். பிறகு அதன் முன்பதிவுகள். பிறகு குறிப்புகள். பிறகு ஒவ்வொரு முன்பதிவையும் காலியாக இருந்த நல்ல மெஷின்களுக்கு மாற்றினார். இத்தனையும் ஒரே செஷனில், எக்கோ திறந்தபடி, வரி வரியாகப் பார்த்துவிட்டு, கடைசியில்தான் கமிட். சிவப்பு இல்லை, சத்தம் இல்லை. மருந்தின் பெயரும் அளவும் வந்து நின்றன. அக்கா படித்தார், குறித்துக்கொண்டார்.

"ஆளுங்களக் கூப்பிடுங்க" என்றார் அக்கா. வரவேற்பு மேசைத் திரையோ இன்னும் பழைய பாட்டையே பாடிக்கொண்டிருந்தது, அதை அணைத்துத் திறக்க வேண்டும். அதனால் அக்கா என் கணவரைப் பார்த்து, "உங்க லேப்டாப்லதானே இருக்கு? நீங்களே வாசிங்க" என்றார்.

வாசலில் போய் நின்றார். அந்த அம்மாவின் பெயரை வாசித்தார். இன்னொருவர் பெயரை வாசித்தார். அடுத்த வரிக்கு வந்ததும் நின்றுவிட்டார். பெருமக்களே, பிறந்த நாள் முதலாக அப்பாவின் பெயரை அப்பாவின் முகத்துக்கு நேராக உச்சரித்தறியாத வாய் அது. அப்பா நாலடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

மெல்ல ஒருமுறை சொன்னார். மாமா அசையவில்லை.

கொஞ்சம் உரக்க இரண்டாம் முறை சொன்னார். மாமா கூரையைப் பார்த்தார்.

மூன்றாம் முறை, ஆஸ்பத்திரிச் சுவரே அதிரும்படி கூப்பிட்டார். அப்பாவின் அதே குரல், அதே இழுப்பு! அவருக்குள் அது இருப்பது அன்றுவரை எனக்குத் தெரியாது. வீங்கிய கால்களை ஊன்றி, என் தோளைப் பிடித்து எழுந்து நின்றார் மாமா. மகனைப் பார்த்தார்.

"ஆஜர்" என்றார்.

அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. அழுதேன். என் கணவரும் அழுதார், இல்லை என்று இப்போது தலையாட்டுகிறார், நம்பாதீர்கள். அன்று மாலை வீடு திரும்பும்போது மாமாவுக்குக் கால் வீக்கம் வடிந்திருந்தது, வழி நெடுகக் கத்திக்கொண்டே வந்தார். "என்னை நீக்கணும்னா மூஞ்சிக்கு நேரா சொல்றதுதானே, எதுக்குடா மெஷினச் சாக்கு வைக்கிற?" என்று. அந்த ஒற்றை வரி அன்றே போய்விட்டது. இன்று அந்தப் பொத்தானை யார் அழுத்தினாலும் டேட்டாபேஸ் கத்துகிறது, அந்தக் கத்தல் அக்காவின் திரைவரை அப்படியே வருகிறது.

ஆகவே அருமை நிரலாளர்களே, உங்களைக் கேட்கிறேன். பிழை கத்தினால் ஏன் பதறுகிறீர்கள்? ஏன் அதன் வாயில் துணியை அடைக்கிறீர்கள்? கத்துகிற பிழை உங்கள் காலைப் பிடித்துக் கெஞ்சுகிறது: உள்ளே ஆள் இருக்கிறார், உள்ளே ஆள் இருக்கிறார் என்று! அதைப் படியுங்கள். படித்த பிறகு கை வையுங்கள். எக்கோவைத் திறந்து வைத்து, உங்கள் பெயரில் அங்கே என்னென்ன நடக்கிறது என்று பாருங்கள். ஆள் நிறைந்த மெஷினை நகலில் வைத்து நீக்கிப் பாருங்கள். அந்த ஆள் யாருடைய அப்பாவாக இருந்தால் என்ன?

தலைவர் கடிகாரத்தைக் கையில் எடுத்துவிட்டார், முடிக்கிறேன். எங்களை மேடையேற்றிய சங்கத்துக்கு நன்றி. அன்று குறிப்பில்லாமல் மருந்து போட மறுத்த அக்காவுக்கு என் குடும்பமே கடன்பட்டிருக்கிறது. இத்தனை நேரம் மானத்தை வாங்கவிட்டுப் பொறுமையாக உட்கார்ந்திருந்த என்னவருக்கு வீட்டில் நன்றி சொல்லிக்கொள்கிறேன். "கேக்கல" என்று கடைசி வரிசையிலிருந்து கத்தியவருக்குத்தான் பெரிய நன்றி. மாமா, இனி எந்த ஆஸ்பத்திரியிலும் உங்களைச் சும்மா இருக்கச் சொல்ல மாட்டேன். நன்றாகக் கத்துங்கள். எல்லாருக்கும் என் வணக்கம்!