அதே எண்ணிலிருந்து வந்த இரண்டாவது கோரிக்கை

என் பெயரும் முகவரியும் மேலே கண்டபடி. வயது நாற்பத்தொன்று. இணையதளங்கள் செய்துதரும் கம்பெனியில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறேன். யாரும் வற்புறுத்தி நான் இந்தக் காவல் நிலையத்துக்கு வரவில்லை. போகாதே என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

எட்டு வருடத்துக்கு முன் ஒரு பூக்கடைக்கு ஆர்டர் படிவம் செய்தேன். ஆட்கள் பொறுமையில்லாமல் பட்டனை இரண்டு தடவை அழுத்தி ஒரே வீட்டுக்கு இரண்டு பூங்கொத்து போய் நின்றதால், ஒரே போன் எண்ணிலிருந்து கால் மணி நேரத்துக்குள் இரண்டாவது ஆர்டர் வந்தால் கடைக்கு அனுப்பாமல் ஒதுக்கிவிடும்படி எழுதினேன். அழுத்தியவர் பதறக் கூடாது என்று, "கிடைத்தது, கவலை வேண்டாம்" என்ற வரியை மட்டும் இரண்டு தடவையும் காட்டச் செய்தேன். கடைக்காரர் மெச்சினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதன் பிறகு எந்த வேலை வந்தாலும் அதே படிவத்தை எடுத்து, நிறத்தையும் தலைப்பையும் மாற்றிப் பதினொரு தளங்களில் வைத்தோம். ஆபீசில் அதற்கு 'அக்கா அச்சு' என்று கேலிப்பெயர். ஓடுகிற வண்டியை எதற்குப் பிரிக்க வேண்டும் என்பேன். பன்னிரண்டாவதாக, வீடுகளுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் அனுப்பும் கடைக்கு அதையே இரண்டு நாளில் பொருத்திக் கொடுத்தேன். வாழ்த்து அட்டையில் எழுதுவதற்காக இருந்த பெட்டியைக்கூட எடுக்காமல், 'குறிப்பு' என்று பெயர் மாற்றி விட்டுவைத்தேன். கால் மணி நேரக் கணக்கு எனக்கு நினைவிலேயே இல்லை.

சென்ற மாதம் பதினான்காம் தேதி ஒரு வீட்டில் அப்பா, அம்மா இருவருக்கும் மூச்சு முட்டியிருக்கிறது. மகள் தன் போனிலிருந்து மணி இரண்டு பத்துக்கு அப்பாவுக்கும், இரண்டு பதினெட்டுக்கு அம்மாவுக்கும் சிலிண்டர் கேட்டிருக்கிறார். மூன்று மணிக்கு ஒன்றுதான் வந்தது. நாலரைக்கு அம்மா இறந்துவிட்டார்.

அதன் பிறகு, கடையில் பட்டியல் பார்த்து வண்டி அனுப்புகிறவர்தான் இரண்டாவதை அழித்துவிட்டார் என்று அவரைப் பிடித்து வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அப்போதுதான் அந்தக் கால் மணி நேரக் கணக்கு எனக்கு நினைவுக்கு வந்தது. எங்கள் முதலாளி, "போலீஸே அவன்தான்னு சொல்றாங்க, நாம ஏன் வாயைக் கொடுக்கணும்?" என்றார். வீட்டுக்காரரும் அதையே சொன்னார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதன் பிறகு அந்த வீட்டுக்குப் போனேன். இன்னார் என்று சொல்லத்தான் போனேன், வாய் வரவில்லை. கடையிலிருந்து வந்தவள் என்று நினைத்து மகள் நாற்காலி எடுத்துப் போட்டார். வந்த சிலிண்டரை யாருக்கு வைப்பது என்று தெரியாமல் தான் நின்றபோது அம்மா சொன்னதாக அவர் சொன்னது: "அவருக்கு வைடி. எனக்குத்தான் பின்னாலயே வருதுல்ல." கவலை வேண்டாம் என்ற வரியை அம்மாவிடம் தானே படித்துக் காட்டியதாகவும் சொன்னார். அதன் பிறகு என்னிடம், "ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கணுமோ?" என்று கேட்டார். அப்போதும் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். அந்தக் கோழைத்தனத்தையும் எழுதிக்கொள்ளவும்.

மறுநாள் காலை, எல்லாத் தளங்களிலும் அந்தப் படிவம் ஒதுக்கிய ஆர்டர்கள் சேரும் இடத்தை ஆபீஸ் கம்ப்யூட்டரில் திறந்தேன். எட்டு வருடத்தில் யாரும் திறந்ததில்லை. மகளின் இரண்டாவது கோரிக்கை நேரத்தோடு அங்கே இருந்தது. அதன் நகலை இத்துடன் ஒப்படைக்கிறேன். பிடித்து வைத்திருப்பவர் கண்ணில் அது படவே இல்லை. மகள்மீதும் தவறில்லை; அதை அவரிடம் தாங்களே சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன். குறிப்புப் பெட்டியில் அவர் எழுதியிருந்தது: "இது அம்மாவுக்கு. முன்னாடி கேட்டது அப்பாவுக்கு. தயவுசெய்து ஒண்ணுன்னு நினைச்சுடாதீங்க."

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். மகளின் குறிப்பை மட்டும் இரண்டாவது தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)