வஹீபின் நோன்பு

என் கணவர் வஹீபுக்குத் தேநீரில் எவ்வளவு சர்க்கரை போட்டாலும் போதாது. கரண்டி நட்டுக்கொண்டு நிற்கிற அளவுக்குப் போட்டுக் கொடுத்தாலும், "ஏண்டி இரினி, ஊர்ல சர்க்கரைக்குப் பஞ்சமா?" என்பார். வாக்குமூலத்தை எங்கிருந்து வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம் என்றீர்களே, இன்ஸ்பெக்டர் பாஷா, அதனால் தேநீரிலிருந்து ஆரம்பிக்கிறேன். நடுவில் நான் சிரித்தால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த நாட்களை நினைத்தாலே எனக்குக் கால் தரையில் நிற்பதில்லை.

அவர் மின்யா ரயிலடியில் பயறு அரைத்துத் தாமியா வடை சுட்டு விற்றவர். கொதிக்கிற எண்ணெய்ச் சட்டி அவர்மேல் கவிழ்ந்ததற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. அடுப்புக் கால் முறிந்ததைத் தெருவே பார்த்தது. வயிறும் தொடைகளும் வெந்துபோயின.

அதற்கு முன்னால் வீடு அவருக்குத் தூங்குகிற இடம். மற்ற நேரமெல்லாம் காப்பிக்கடையில் தாயக்கட்டை உருட்டுவார். குவைத்துக்கு விசாவும் வந்திருந்தது. என்னையும் கூட்டிப்போங்கள் என்று கெஞ்சினேன். "அங்கயும் வந்து மூஞ்சியத் தூக்கி வச்சிட்டு உக்காரவா?" என்றார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தவர் வேறு மனிதர். நான் சமையலறைக்குப் போனாலே, "இரினி, எங்கம்மா போன?" என்று குரல் வரும். ஏண்டி போய், அம்மா வந்துவிட்டது. அந்தக் குரலைக் கேட்பதற்காகவே வேலை இல்லாமலும் சமையலறையில் போய் நிற்பேன். கல்யாணமான புதிதில்கூட நான் அப்படிப் பூரித்ததில்லை.

கட்டு மாற்றப் போகும்போது சத்துணவு டாக்டர் சுஹைலா என்னைத் தனியே அழைத்தார். முக்காட்டுக்குள் சின்ன முகம், நல்ல பெண். "தீப்புண் பட்ட உடம்பு படுத்திருந்தாலும் ஓடிட்டே இருக்கும்மா. மூட்டை தூக்குறவரவிட அதிகமா சாப்பிடணும். முட்டை, பால், கோழின்னு குடுங்க. இல்லேன்னா உடம்பு தன் சதையவே தின்னும். புதுத் தோல் எதுலேருந்து வரும்?"

"தவக்கால நோன்பு, டாக்டர்," என்றேன். "ஈஸ்டர் வரைக்கும் நாங்க கறி, முட்டை, பால் எதையும் தொட மாட்டோம். பொழச்சா நோன்பு இருக்கேன்னு அவரு வேண்டிக்கிட்டாரு."

அது பொய்யில்லை. பிறந்ததிலிருந்து ஒரு நோன்பும் ஒழுங்காக இருக்காத மனிதர், வலியில் அப்படி வேண்டிக்கொண்டார். டாக்டர் நெஞ்சில் கை வைத்து, "மன்னிச்சுக்கங்க, உங்க நோன்பப் பத்தி நான் பேசக் கூடாது," என்றார். எங்கள் ஊரில் முஸ்லிம்களின் நோன்பில் நாங்கள் மூக்கை நுழைப்பதில்லை, எங்கள் நோன்பில் அவர்களும் நுழைப்பதில்லை. அந்த மரியாதை எனக்கு ரொம்பவும் கைகொடுத்தது. "அப்போ பயறு, பருப்பு, எள்ளு விழுது, கடலையாவது நிறையக் குடுங்க," என்று மட்டும் சொன்னார்.

குடுத்தேன். முதல் நாள் பயறு வேகிற வாசனையில் அவருக்குக் கடை ஞாபகம் வந்து உடம்பு நடுங்கியது. ஒரே ஒரு நாள்தான். பிறகு அவரே, "கொஞ்சம் பயறு வையேன்," என்று கேட்டார். "வேணாங்க, அன்னைக்கு எப்படி நடுங்குனீங்க," என்றேன். நம்பிவிட்டார். சோறு, உருளைக்கிழங்கு, ரொட்டியில் ஜாம், சர்க்கரைத் தேநீர். வயிறு முட்ட முட்ட ஊட்டினேன். என் கையால்தான் சாப்பிடுவார்.

டாக்டர் சுஹைலாவுக்கு மனம் ஆறவில்லை போலிருக்கிறது. எங்கள் கோவிலுக்கே போய்க் குருவானவரிடம் பேசியிருக்கிறார். அந்தக் குரு, அபூனா ஸெராபியோன், என்னைக் கோவில் வாசலில் பிடித்துக்கொண்டார். "நோயாளிக்கு ஏதும்மா நோன்பு? நான் சொன்னேன்னு சொல்லு. இன்னைக்கே கோழி அடிச்சுப் போடு. நானும் வந்து பாக்கறேன்."

"கிருமி ஒட்டிக்கும், யாரையும் விடாதேன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க, அபூனா," என்று சொல்லி அவர் கையை முத்தமிட்டேன்.

வீட்டில் வஹீப், "அபூனா என்ன சொன்னாரு?" என்று கேட்டார்.

"உங்க நோன்பக் கடவுள் ஏத்துக்கிட்டாராம்."

மனிதர் குழந்தை மாதிரி அழுதார். என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அன்று நான் பாட்டுப் பாடிக்கொண்டே பாத்திரம் கழுவினேன்.

அடுத்த முறை டாக்டர், "இப்ப நல்லா சாப்பிடுறீங்களா?" என்று அவரிடமே கேட்டார். நான் வஹீபின் முகத்தையே பார்த்தேன். அவர் சிரித்தார். "ராஜா மாதிரி, டாக்டர். இவ ஊட்டுற கை ஓயறதே இல்ல."

தொடையில் வைத்த தோல் ஒட்டு பிடிக்கவில்லை. கால் வீங்கியது, கை குச்சியானது. டாக்டர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். விசாவின் தவணை முடிந்தது. நான் கடைத்தெருவுக்குப் போய்ச் சிவப்பு வளையல் வாங்கிப் போட்டுக்கொண்டேன். அவர் பார்த்து, "அழகா இருக்க," என்றார். அதைக் கேட்க ஒரு பெண் என்னதான் செய்ய மாட்டாள்?

புனித வாரத்தில் காய்ச்சல் கண்டது. "ஈஸ்டர் அன்னைக்கு முட்டை தருவியா, இரினி?" என்று கேட்டார். "எத்தனை வேணுமோ தின்னுங்க," என்றேன். உயிர்ப்புப் பூசைக்கு மணியடிக்கும் முன்னே போய்விட்டார். கடைசி வரை நோன்பு முறிக்காதவர் என்று அபூனாவே அடக்கத்தில் சொல்லியிருப்பார், யாராவது எடுத்துச் சொல்லியிருந்தால்.

செய்தது தப்பென்று தோன்றவில்லையா என்கிறீர்கள். தோன்றாமல் என்ன, பாஷா, நானும் மனுஷிதானே. மாடிவீட்டுக்காரி உம் ஹிஷாம் தன் கூண்டுப் புறாவில் கோதுமை அடைத்துச் சுட்டு, "நோயாளி ஒடம்பு தேறணும்டி," என்று அவருக்காக அடிக்கடி கொண்டுவந்து கொடுப்பாள். வீணாக்க மனம் வரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு நானே தின்றேன். தவக்காலத்தில் கறி தின்றது பெரிய பாவம். அபூனாவிடம் அதைச் சொல்லித் தேம்பித் தேம்பி அழுதுவிட்டேன். நீங்களும் எழுதிக்கொள்ளுங்கள். அதைத் தவிர நான் ஒரு தப்பும் செய்யவில்லை.