லைட்டான்னா எவ்வளவு

இருங்க, இருங்க. அந்தக் கத்திரியை ஒரு நிமிஷம் இறக்குங்கண்ணே. மீசையை லைட்டா எடுங்கன்னு சொன்னேன்ல, அதை முதல்ல பேசிக்குவோம். லைட்டான்னா உங்க கடையில எவ்வளவு? நீங்க வாயைத் திறக்க வேணாம், கன்னம் வீங்கிப்போய்க் கிடக்கு, பார்த்தாலே தெரியுது. விரல்ல காட்டினாப் போதும்.

அவ்வளவா? ஐயையோ. அது பாதி மீசைண்ணே.

தப்பா எடுத்துக்காதீங்க. போன தடவை பழைய ஏரியாவுல ஒருத்தர்கிட்ட இதே லைட்டாவைச் சொல்லிட்டு அசந்து தூங்கிட்டேன். முழிச்சுப் பார்த்தா மூக்குக்குக் கீழ ஒண்ணுமில்லை. வீட்டுக்குப் போனா என் பொண்ணு கதவைத் திறந்து, அம்மா, யாரோ மாமா வந்திருக்காங்கன்னு உள்ள ஓடிட்டா. பெத்த புள்ளைண்ணே. மீசை திரும்ப வர்ற வரைக்கும் என் மடியில உக்காரவே இல்லை. உண்மையைச் சொல்றேன், எனக்கு அழுகையே வந்துச்சு. ஊருக்குப் போயிருந்த பொண்டாட்டியும் பொண்ணும் இன்னைக்குத்தான் திரும்பி வர்றாங்க. அதான் இப்படிக் கெஞ்சறேன்.

இந்த வார்த்தையை நம்பவே கூடாது. இங்கிலீஷ்காரன் அதை எதுக்கு வெச்சிருந்தானோ, நாம எடுத்துத் துளியூண்டுக்கு வெச்சுக்கிட்டோம். சரி, துளியூண்டாவே விட்டிருக்கலாம்ல? வீட்டு ஓனர் சொன்னாரு, மழை வந்தா லைட்டா ஒழுகும்னு. நாங்க ஹால்ல குடை பிடிச்சுக்கிட்டு டிவி பார்க்கறோம். என் மச்சான் ஒருத்தன், பொண்டாட்டியோட தம்பி, பைக்கை எடுத்துட்டுப் போனான். நடந்து வந்து நிக்கறான். மாமா, லைட்டா உரசிடுச்சுங்கறான். வண்டி எங்கடான்னா, கையில இருக்கற சைடு கண்ணாடியைக் காட்டறான். அந்தக் கண்ணாடியில ஒரு கீறல் கிடையாது, அதையும் சொல்லணும்.

ஆங், இப்பக் காட்டறீங்களே, அதுதான் லைட்டா. நகக்கண்ணு அளவு. அவ்வளவுதான், வெட்டுங்க. ம்ம். நல்ல கைண்ணே உங்களுக்கு. ஒரு பக்கம் முடிஞ்சிருச்சா? அப்படியே இந்தப் பக்கமும்.

ஆமா, கன்னம் என்னாச்சு, பல்லா? மேலயா கீழயா? கடைவாய்ப்பல்லு. அடடா, அது படுத்தி எடுத்துருமே. டாக்டர்கிட்ட காட்டலையா? சாயங்காலமா? எங்க, எதிர்த்தாப்புல மாடியிலயா? புதுசா வந்திருக்காரே, அவர்கிட்டயா?

அது நான்தாண்ணே.

அட, ஏன் அப்படிப் பார்க்கறீங்க. பயப்பட ஒண்ணுமே இல்லை. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள பிடுங்கிருவேன். வலிக்குமாவா? சேச்சே. லைட்டா.

அண்ணே? ஏன் கத்திரியைக் கீழ வெச்சிட்டீங்க? அந்தச் சவரக்கத்தி எதுக்கு? இன்னொரு பக்கம் அப்படியே இருக்கே. என்னமோ முனகறீங்க, சரியாக் கேக்கலை. இன்னொரு தடவை சொல்லுங்க.

லைட்டாவா?