மலையில் ஒரு மதகு

ரப்பர் செருப்போடு மலையேறக் கூடாது என்று மாப்பிள்ளைக்குச் சொன்னதே நான்தான். கும்பகோணத்தில் கடை கடையாக ஏறி இறங்கி, அவர் காலுக்குப் பொருந்துகிற ஷூவைத் தேடி வாங்கிக் கொடுத்தேன். கெடுதல் நினைக்கிறவன் இதையெல்லாம் செய்வானா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

என் பெயர் ஜாஃபர் சாதிக். கும்பகோணத்தில் மசாலாச் சாமான் கடை வைத்திருக்கிறேன். மிளகு எடுக்க வருஷா வருஷம் கொல்லிமலைக்குப் போகிறவன். ஹஃப்ஸா என் தங்கை. அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதே அத்தாவும் அம்மாவும் அடுத்தடுத்து மவுத்தாகிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவளுக்குத் தலை பின்னிவிட்டதும் நான்தான், காய்ச்சலில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததும் நான்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வருகிறவள் இவளை எப்படி நடத்துவாளோ என்று பயம். தியாகம் என்றெல்லாம் நினைத்துவிடாதீர்கள், எனக்கு அந்த வாழ்க்கையே போதுமாக இருந்தது.

ஃபஹத்தைத் தேடிப் பிடித்ததும் நானே. சீர்காழிப் பக்கம் கிராமம், நெல் விவசாயக் குடும்பம், பரம சாது. கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் வீட்டோடு இருக்க வேண்டும் என்று கேட்டேன், சம்மதித்தார். கொஞ்ச காலம் அப்படியே இருந்தார். அப்புறம் ஷார்ஜாவில் வேலை கிடைத்தது. ஹஃப்ஸாவுக்கும் விசா வந்துவிட்டது. அதைச் சொல்லும்போது அவள் சிரித்த மாதிரி, என் கையில் வளர்ந்த இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் சிரித்ததில்லை. எனக்கு வயிறு எரிந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது.

"நீங்களும் ஒரு தடவ வந்து எங்களப் பாத்துட்டுப் போங்கண்ணே" என்றாள். விருந்தாளியைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டாள்.

வெளிநாடு போகுமுன் ஒரு மலையாவது ஏறிப் பார்த்துவிட வேண்டும் என்று மாப்பிள்ளைக்கு ஆசை. எங்கள் பக்கத்தில் அண்ணாந்து பார்க்கிற மாதிரி இருப்பது கோயில் கோபுரம்தான், மற்றதெல்லாம் தட்டையான பூமி. மிளகு விலை பேசிவிட்டு அப்படியே வியூ பாயிண்ட் வரை நடந்துவிட்டு வரலாம் என்று கூட்டிப்போனேன். பலா மரத்தைக் கண்டால் நின்றார், பாறையைக் கண்டால் நின்றார், ஒவ்வொன்றையும் படம் எடுத்து ஹஃப்ஸாவுக்கு அனுப்பப் பார்த்தார். சிக்னல் கிடைக்கவில்லை. உச்சியில் மேகம் விலகியதும் கீழே வயலும் ரோடும் பொடிப் பொடியாகத் தெரிந்தன.

"நம்ம ஊரு தெரியுமா மச்சான்?" என்று கேட்டார். அவ்வளவு தூரம் தெரியாது என்றேன். "அவளையும் கூட்டியாந்திருக்கலாம்" என்றார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இறங்கும்போது பனிமூட்டம் சூழ்ந்துகொண்டது. பாதை பிரிகிற இடத்தில் நான் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். முட்டிக்கு ஒன்றுமில்லை.

"என்னால ஒரு அடி எடுத்து வைக்க முடியல மாப்ளே. நீங்க போயி யாரையாச்சும் கூட்டிட்டு வாங்க."

"வழி தெரியலையே மச்சான்" என்று சுற்றுமுற்றும் பார்த்தார். பக்கத்தில் ஓடை ஓடுகிற சத்தம் காதில் விழுந்ததும் அவர் முகம் தெளிந்துவிட்டது. "இந்தா, தண்ணி போவுதுல்ல. இதப் புடிச்சுக்கிட்டே நடந்தா ஊரு வந்துரும்."

நான் சொல்லிக் கொடுத்ததல்ல அது. எங்கள் பக்கத்தில் வயலுக்குள் வழி தப்பினால் யாரும் அதைத்தான் செய்வார்கள். வாய்க்கால் கரையைப் பிடித்து நடந்தால் தண்ணீர் இரைகிற இடத்தில் மதகு இருக்கும், மதகைத் தொட்டு ஒரு ரோடு, ரோட்டோரம் டீக்கடை. பிறந்ததிலிருந்து தண்ணீர் அவரை ஏமாற்றியதே இல்லை. ஆனால் இந்த ஓடை எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். மிளகுத் தோட்டக்காரர் ஒரு தடவை காட்டியிருக்கிறார். கொஞ்ச தூரம் சாதுவாகப் போய், பாறை விளிம்பிலிருந்து நேரே பள்ளத்தில் விழுகிறது. "பாத்துப் போங்க" என்று மட்டும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் கழித்துப் பனிக்குள்ளிருந்து குரல் வந்தது. "மச்சான், தண்ணி பயங்கரமா இரையுது. மதகா இருக்குமோ?"

மலையில் மதகைத் தேடிய மனிதர் அவர் ஒருவராகத்தான் இருப்பார். எனக்குச் சிரிப்புகூட வந்தது. திரும்பி வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வந்திருப்பார். அவ்வளவு நம்பிக்கை என் மேல்.

"மதகுதான் மாப்ளே. தைரியமா போங்க" என்றேன்.

அப்புறம் குரல் வரவில்லை. பனி விலகும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, தெரிந்த பாதையில் இறங்கிப் போய் ஆட்களைக் கூட்டி வந்தேன். கால் வழுக்கியிருக்கும் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை.

ஹஃப்ஸா இத்தா இருந்தாள். புருஷனை இழந்த பெண் நாலு மாதத்துக்கு மேல் வெளியே போகாமல் வீட்டிலேயே இருப்பது எங்கள் முறை. கஞ்சி காய்ச்சிக் கொடுத்ததிலிருந்து அவளுக்கு வேண்டியதை எல்லாம் நானே பார்த்துக்கொண்டேன். விசா காலாவதியானது. அழுதாள்தான், ஆனால் என் வீட்டில் இருந்துகொண்டு அழுதாள். அந்த நாட்களில் நான் நிம்மதியாகத் தூங்கினேன் என்று சொன்னால் உங்களுக்குப் புரியாது.

இத்தா முடிந்த அன்று என்னைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்தாள். "அவரு கடைசியா என்ன பேசுனாருண்ணே?" என்றாள். மதகா இருக்குமோ என்று கேட்டார் என்றேன்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

அவளிடம் நான் பொய் பேசியதே கிடையாது. அன்று மட்டும் அதை எப்படி மாற்றிக்கொள்வது. உள்ளதைச் சொன்னேன்.

அவள் எழுந்தாள். புர்காவைப் போட்டுக்கொண்டு நேராக இந்த ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டாள். இங்கிருந்து மாமியாரோடு சீர்காழிக்குப் போய்விட்டாள் என்றும், சாகும்வரை என் முகத்தில் முழிக்க மாட்டேன் என்று சொன்னாள் என்றும் சொல்கிறீர்கள். துக்கத்தில் பேசியிருப்பாள், நீங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சீர்காழி என்ன ஷார்ஜாவா, பஸ் ஏறினால் வந்துவிடலாம்.

ஃபஹத்தை நான்தான் கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். எனக்கு ஒரே ஒரு உதவி செய்யுங்கள். வீட்டுச் சாவியை எதிர்வீட்டு ஹமீதா பானுவிடம் கொடுத்துவிடுங்கள். ஹஃப்ஸா திரும்பி வரும்போது வீடு பூட்டிக் கிடக்கக் கூடாது. அவளுக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்.