வேகவைத்த மிளகு இலைகள்

முள்ளுக்குறிச்சியில் ராசிபுரம் பஸ்ஸுக்காகக் காத்திருந்தபோது, எனக்குப் பின்னால் ஒரு பெண்குரல் கேட்டது.

"ஏனுங்க சாமி, எங்க மிளகுக்கொடித் தழையெல்லாம் பறிச்சு வேக வெச்சீங்களே, என்ன தெரிஞ்சுதுங்க?"

திரும்பிப் பார்த்தேன். பெரக்கரை நாடு என்ற மலைப்பகுதியிலிருந்து இறங்கி வந்த விவசாயி அவள். அதே பஸ்ஸுக்காகப் பக்கத்தில் நின்ற, தொப்பி போட்ட விவசாய இலாகா அதிகாரி ஒருவரைத்தான் கேட்டாள். அவர் உற்சாகமானார்.

"இலைக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பச்சை மணிகள் இருக்கும்மா. வெயில் பட்டா அதுங்கதான் செடிக்குச் சோறாக்கும். ஸ்பிரிட்டுல வேக வெச்சுப் பச்சையை எடுத்துட்டு அயோடின் ஊத்தினேன். இலை கருநீலமாச்சு. சோறு இருக்குன்னு நிரூபிச்சாச்சு!"

"அதுக்கு ஒரு தழை போதாதுங்களா?"

"அடியிலிருந்து நுனிவரை எல்லா இலையையும் சோதிக்கணும்னு மேலிடத்து உத்தரவு."

"தழை பூரா போனதும் கொடி காஞ்சு செத்துப்போச்சுங்க. மூணு வருசம் தண்ணி சுமந்து வளத்தேன். இந்த வருசந்தான் காய்க்க இருந்துச்சு."

அவர் பையிலிருந்து அறிக்கையை எடுத்துப் புரட்டினார்.

"செத்ததை இதுல சேர்க்க முடியாதும்மா. ஆராய்ச்சி அதுக்கு முன்னாடியே முடிஞ்சுபோச்சு."

"நீங்க பறிக்கிற வரைக்கும் கொடிக்கு ஒரு சீக்கும் இல்லைன்னு அதுல எழுதியிருக்குதுங்களா?"

"தெளிவா எழுதியிருக்கேன்."

"அப்ப ஒரு நகல் குடுங்க சாமி. நஷ்டஈடு கேட்டா, கொன்னது ஆருன்னு தாசில்தார் கேப்பாருங்க."

அறிக்கை பைக்குள் போயிற்று. பஸ் வரும் வழியாகவே காணோம். அவர் ராசிபுரத்தை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டார்.