கதவோரத்து நாற்காலி

— சத்தியமாச் சொல்றேம்மா, இதுல ஒரு எழுத்து பொய்யில்லை. உங்கப்பா பேச ஆரம்பிச்சார்னா எங்க திக்குவாய்ச் சங்கமே வாயைப் பொளந்துக்கிட்டு உட்கார்ந்திருக்கும்.

— எங்கப்பாவா? வீட்டுல தண்ணி வேணும்னாக்கூட டம்ளரைத் தட்டித்தான் காட்டுவாரு ஐயா.

— அது வீட்டுல. இதே ரூம்ல, சனிக்கிழமை சாயங்காலம் வந்து பார்த்திருக்கணும் நீ. ஒரு தடவை கீழே டயர் கடைக்காரன், காத்துக் குழாயை மாட்டினது மாட்டினபடி விட்டுட்டு இவர் பேச்சைக் கேட்க மேலே வந்துட்டான். இவர் முடிக்கிறதுக்குள்ள டயர் ஊதி ஊதி வாசலையே அடைச்சுக்கிச்சு. நாங்க எல்லாரும் ஜன்னல் வழியா இறங்கித்தான் வீடு போய்ச் சேர்ந்தோம்.

— டயர் வெடிக்கலையா?

— அதுவும் கேட்டுக்கிட்டு இருந்துச்சும்மா. எப்படி வெடிக்கும்?

— நீங்களும் திக்குவாய்னு சொன்னீங்க. இப்படித் தண்ணி மாதிரி பேசுறீங்களே?

— கதைன்னா எனக்குத் திக்காது. நிஜத்தைச் சொல்லப் போனாத்தான் தொண்டையில மாட்டிக்கும். ஒரு வேலைக்குப் போனேன், பேரைக் கேட்டாங்க. நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள கேட்டவரு ரிட்டையர் ஆயிட்டாரு.

— அப்பா போனதுக்கப்புறம் இன்னைக்குத்தான் சிரிக்கிறேன். சனிக்கிழமையானா சட்டையை மாத்திக்கிட்டுக் கிளம்புவாரு. எங்கேன்னு சொல்ல மாட்டாரு. சாவுக்கு நீங்க எல்லாரும் வந்து நின்னப்பதான் எங்களுக்கு விஷயமே தெரியும். ஐயா, என்னைப் பத்தி ஏதாச்சும் சொல்வாரா?

— வாயைத் திறந்தா உன் பேச்சுத்தான்.

— நான் அவரைப் பேசவே விட்டதில்லை. 'சா'ன்னு ஆரம்பிப்பாரு. 'சாவியா? ஆணியில தொங்குது'ம்பேன். ஆஸ்பத்திரியில கடைசியா 'ம... ம...'ன்னாரு. 'மாத்திரையா?'ன்னேன். தலையை ஆட்டிட்டுக் கண்ணை மூடிக்கிட்டாரு. மாத்திரைதானா ஐயா? இனிமே நான் யாரைப் போய்க் கேட்கிறது?

— இ... இங்க ஒரே ஒரு சட்டம்தாம்மா. அடுத்தவன் வார்த்தையை யாரும் முடிச்சு வைக்கக் கூடாது. எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கணும்.

— இங்கயாவது முழுசாப் பேசினாரே, அது போதும் எனக்கு. அவரு உட்கார்ந்த நாற்காலியில கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டுப் போறேன். எது அது?

— கதவோரமா இருக்கே... வேண்டாம்மா, அதுல உட்காராதே.

— ஏன்? அவருக்குன்னு போட்டதுதானே?

— அ... அவருக்குன்னே வாங்கினதுதான்.

— என்னய்யா இது, சுத்தின பாலிதீன்கூடப் பிரிக்கலை?

— உங்கப்பா... உங்கப்பா ப... ப...

— பத்திர... இல்லை. நான் முடிக்க மாட்டேன். நீங்களே சொல்லுங்க.

— ப... ப...

— காத்திருக்கேன் ஐயா.

— ப... படியிலதாம்மா உட்கார்ந்திருப்பாரு. நாங்க கதவைத் திறந்தேதான் வெச்சிருந்தோம். ஒரு நாளும் உள்ளே வரலை.